பேர் வெட்டிய பின்னால்

மார்கழி பாதி தாண்டியதும் கேகாலை மாவட்டத்து இறப்பர் மலைகள் நிறம் மாறத் தொடங்கும். இலை முதலில் மஞ்சளாகும், பிறகு செம்பு நிறமாகும், தை மாதத்தில் காற்று ஒன்று வந்தால் மலை முழுக்கச் சலசலவென்று கொட்டும். யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களின் லய வரிசை வீடுகளில், முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு அதுதான் நாட்காட்டி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு இறங்கிய மழை ஓய்ந்துவிட்டது. விடியற்காலையில் பள்ளத்தாக்கு நிறையப் பனி நிற்கிறது. இது நுவரெலியாக் குளிர் அல்ல, தண்ணீர் உறையாது, புல் கருகாது. ஆனால் இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த ஈரம் ஊறிய சுவருக்குள் எழுபது வயது முழங்காலுக்கு இந்தக் குளிரே தாராளம்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சாயத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒரு பெரியவர் இலை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அவரைக் கூப்பிடுவார் யாருமில்லை. செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் அவர் பேரை வெட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவருக்கு இது சாதாரணக் காட்சி. தோட்டத்தின் வரலாற்றைத் தெரிந்தவருக்கு அப்படித் தோன்றாது. வேலை முடிந்த ஒருவர் தான் உழைத்த மலையைப் பார்த்தபடி அங்கேயே இளைப்பாறுவது, சப்ரகமுவத் தோட்டங்களில் மிகவும் பிந்தி வந்த வழக்கம்.

கோப்பிக் காலத்தில் தோட்டத்தில் கிழவன் கிழவி என்று சொல்ல அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. பழம் பறிக்கும் பருவத்துக்குத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள், பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பிப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் காட்டுப் பாதையில் விழுந்தவர்கள் ஏராளம். தப்பியவர்களுக்கு முதுமை என்பது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒன்று. 1869இல் கோப்பி இலையில் விழுந்த நோய் அந்தப் பயிரையே அழித்தது. களனிப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏறியது, அதன் பின்னால் இறப்பர் வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில் மோட்டார் வண்டிச் சக்கரத்துக்காக இறப்பர் விலை ஏறியபோது, கேகாலையிலும் இரத்தினபுரியிலும் காடும் சேனையும் அந்த மரத்துக்கு இடம் விட்டன. சின்னக் கோச்சி என்ற குறுகிய பாதை ரயில் 1900களின் தொடக்கத்தில் யட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஒப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. ஆளும் அரிசியும் அதில் உள்ளே வந்தன, தேயிலையும் இறப்பர் சீட்டும் வெளியே போயின.

கோப்பிக்கு ஒரு பருவம். தேயிலைக்கும் இறப்பருக்கும் வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பமாக வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள், 10க்கு 12 அடிக் காம்பராக்கள் வரிசையாக எழும்பின. தங்கினாலும், போகப் போகிறோம் என்ற பேச்சு விட்டுப் போகவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கூட 'ஊர்' என்று சொன்னால் அது பெரும்பாலும் பாட்டன் விட்டு வந்த கிராமத்தைத்தான் குறித்தது. கொஞ்சம் காசு சேர்த்து, ஆள் கூட்டி வந்த கங்காணியின் கடனை அடைத்து, கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்க் கண்ணை மூட வேண்டும் என்பது ஒரு தலைமுறையின் கனவு. அந்தக் கடன் வந்து இறங்கிய அன்றே தொடங்கியது. வழிச்செலவு ஒரு பற்று, அரிசி ஒரு பற்று, கறுப்புக் கம்பளி ஒரு பற்று.

அந்தக் கம்பளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முரட்டு ஆட்டுமயிரில் நெய்து இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது அது. மலையில் மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வார்கள், இரவில் அதையே போர்த்திக்கொள்வார்கள், பிள்ளை பிறந்தால் கீழே விரிப்பார்கள். நனைந்த கம்பளி ஆளின் பாரத்தில் பாதி இருப்பதுபோல் கனக்கும். அடுப்புக்கு மேல் கொடியில் போட்டு இரவெல்லாம் காய வைத்தால் விடியும்போது புகை வாசத்தோடு கொஞ்சம் ஈரமும் இருக்கும். இப்போது மலைக்குப் படங்கு வந்துவிட்டது, போர்த்திக்கொள்ளக் கடைப் போர்வை வந்துவிட்டது. ஆனாலும் சில வீடுகளில் பூச்சி அரித்த பழைய கம்பளி ஒன்று டிரங்குப் பெட்டிக்குள் இன்னும் மடித்துக் கிடக்கிறது. மார்கழியில்தான் அதை வெளியே எடுப்பார்கள்.

1927ஆம் ஆண்டின் சம்பளச் சட்டத்தின்கீழ் முதலில் வகுத்த நாட்சம்பளம், கீழ்நாட்டில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். வேலை செய்த நாளுக்குத்தான் அந்தச் சம்பளம். உடம்பு தளர்ந்தவருக்கு என்ன என்று அது சொல்லவில்லை. ஆகவே தளர்ந்தவர்களுக்கும் வேலை இருந்தது, இலேசான வேலை. பிள்ளை மடுவத்தில் தொட்டிலாட்டுவது, லயத்து வாசல் கூட்டுவது, புல் பிடுங்குவது, மாடு பார்ப்பது, இரவில் ஸ்டோருக்குக் காவல் இருப்பது. கண் தெரியும்வரை, கை அசையும்வரை பேர் இருக்கும். அதற்குப் பிறகு மகன் பேரிலும் மருமகள் பேரிலும் வரும் அரிசியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குப் போகும் வழியும் ஒருநாள் அடைபட்டது. 1939 ஆகஸ்ட் 1ஆம் தேதி, இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. போனவர் திரும்பி வர முடியுமா என்ற சந்தேகத்தில் பலர் போகாமலே இருந்துவிட்டார்கள். நூறு வருடமாக ஓடிய போக்குவரத்து நின்று, இங்கேயே கிழவராகப் போகும் முதல் பெருங்கூட்டம் உருவானது அப்போதுதான்.

அவர்கள் இங்கே இருக்கலாமா என்ற கேள்வி கேகாலையிலேயே சூடாக எழுந்தது. 1946இல் அந்த மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் உருளவள்ளி என்று சொன்ன தோட்டத்தை, நிலமில்லாத கிராமத்தாருக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக அரசு எடுத்தது. தொழிலாளரை லயத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. அவர்கள் போக மறுத்தார்கள். அத்துமீறிக் குடியிருக்கிறார்கள் என்று வழக்கு வந்தது, அதை எதிர்த்து வேறு தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. கிராமத்து ஏழைக்கு நிலம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் அந்த நிலத்தைக் காடு வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அன்று ஒரே இரவில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கி, அதையே நாடு முழுவதற்கும் செய்தது.

சட்டம் ஒரு கையால் எடுத்ததில் சிறு பகுதி இன்னொரு கையால் வந்தது. 1958இல் தொழில் அமைச்சராக இருந்த டி.பி. இலங்கரத்னவின் காலத்தில் ஊழியர் சேமலாப நிதி தொடங்கியது. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாமாதம் பென்சன் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு இந்த நிதிதான், அதுவும் ஒரே தொகையாக. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம். இன்றைய கணக்கில் சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியிடமிருந்து, 12 வீதம் தோட்டத்திடமிருந்து. களனிப் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அந்தக் கட்சியின் என்.எம். பெரேரா அரசாங்க சபைக்குப் போனார். சங்கமும் கூட்டமும் ஊறிய அந்தப் பள்ளத்தாக்கிலேயே, நாடற்றவர் என்று எழுதப்பட்டிருந்த ஒருவர் அதே நாட்டின் நிதியில் மாதாமாதம் தன் முதுமைக்குச் சேமித்தார். நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கும் விஷயம் இது.

பிறகு 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றவர் 9,75,000 பேரை எண்ணிப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே காம்பராவில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். சேமலாப நிதிப் பணத்தையும் பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பால் வெட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கேயும் இறப்பர் மரம் காத்திருந்தது. கேரளத்தில் புனலூரில் 1976இல் இவர்களுக்காகவே ஒரு தோட்டக் கம்பெனி அமைந்தது. கர்நாடகத்தில் சுள்ளியாவிலும், கன்னியாகுமரி மாவட்டத்து அரசு இறப்பர் தோட்டங்களிலும் பலர் குடியேறினார்கள். 1984இல் கப்பலும் நின்றது. தெஹியோவிட்டவில் ஒரு கிழவர் தை மாதம் இலை கொட்டுவதைப் பார்க்கும் அதே நேரத்தில் சுள்ளியாவில் அவர் தம்பியும் இலை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மரத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே பழக்கம்.

இறப்பர் மரத்தின் ஆயுளையும் பால்வெட்டுக்காரரின் ஆயுளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கன்று நட்டு ஆறேழு வருடத்தில் மரம் பால் வெட்டத் தயாராகும். இருபது, இருபத்தைந்து வருடம் ஒரு பக்கப் பட்டை, மறுபக்கப் பட்டை, மறுபடி வளர்ந்த பட்டை என்று வெட்டிக்கொண்டே போனால் முப்பது வயதைத் தாண்டும்போது மரம் ஓய்ந்துவிடும். பதினெட்டு வயதில் பேர் பதிந்தவர் தன் முதல் வருடங்களில் நட்ட கன்றை, பேர் வெட்டும் வருடங்களில் சாய்ப்பதைப் பார்ப்பார். 1953இல் மறுநடுகைக்கு அரசு மானியம் வந்த பிறகு இந்தச் சுற்று ஒழுங்காக நடந்தது. சாய்த்த மரம் விறகானது. அந்த விறகில் புகைக்கூட்டில் சீட்டுக் காய்ந்தது, லயத்து அடுப்பில் தேத்தண்ணி கொதித்தது.

1970களைப் பற்றி அந்தப் பெரியவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதே காலத்து உணவுப் பஞ்சத்தில் மாவுக்கும் கிழங்குக்கும் அலைந்து, வயதானவர்களும் பிள்ளைகளும் முதலில் சரிந்தார்கள். 1977இலும், 1981 ஆகஸ்டில் கஹவத்தை, இறக்குவானை, இரத்தினபுரிப் பக்கத்திலும் இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்தன. இரவோடு இரவாகக் காட்டுக்குள் பதுங்கிய குடும்பங்களில் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்விட்டன. போகாமல் இருந்தவர்களைக் காத்ததும் பல இடங்களில் அடுத்த கிராமத்துச் சிங்களக் குடும்பந்தான். சப்ரகமுவவில் தோட்டமும் கிராமமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். இங்குள்ள பெரியவர்கள் சிங்களம் தண்ணீராகப் பேசுவதற்கும், பேரப்பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பள்ளிக்கூடம் தூரமென்று சிங்களத்திலேயே படிப்பதற்கும் அதுதான் காரணம்.

ஓய்வுக்கு ஒரு மரியாதையான தொகை கிடைக்க வழி செய்தது 1983இன் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். தோட்டத்தில் அதைச் 'சேவைக்காலப் பணம்' என்பார்கள். நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 35 வருடம் உழைத்தவருக்கு 490 நாள் சம்பளம் வரும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால் 6,61,500 ரூபாய். அதில் மகளின் கல்யாணக் கடன், அடகு வைத்த நகை, கூரைத் தகரம், பேரனின் கொழும்பு வேலைக்கு முதல் மாதச் செலவு. வங்கிப் புத்தகத்தில் மீதி விழுவது அரிது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. ஐந்து வருடம் கூடச் சம்பளம் வருமே என்று சிலருக்குச் சந்தோஷம், செங்குத்து மலையில் இன்னும் ஐந்து வருடமா என்று சிலருக்குப் பெருமூச்சு.

பணம் கைக்கு வருவதற்கு முன்னால் இன்னொரு மலை ஏற வேண்டும். அது பேர் மலை. பிறந்தபோது பதிந்தவர் எழுதியது காளியம்மாள். செக்ரோலில் ஆங்கிலத்தில் ஏற்றியபோது அது காளியாயி ஆகியிருக்கும். அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திரும்பி வந்தபோது இன்னொன்று. மூன்றும் ஒருவர்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும், கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கடிதம் சிங்களத்தில் வந்தால் வாசித்துச் சொல்லப் பேத்தி வேண்டும். ஒரு பெண் நாற்பது வருடம் குனிந்து நிமிர்ந்த உழைப்புக்கு ஓர் எழுத்துப் பிழை தடை நிற்பதைக் காணும்போது கோபம் வராமல் இராது. அந்தப் பிழையை எழுதியது அவர் கை அல்ல.

பணத்தைவிடப் பெரிய கேள்வி காம்பரா. வேலைக்குத்தான் காம்பரா என்பது தோட்டத்து ஆதி விதி. ஆகவே வீட்டில் ஒருவர் பேராவது செக்ரோலில் இருக்க வேண்டும் என்ற பயம் முதியவர்களுக்கு. மகன் அவிசாவளையில் கார்மெண்டுக்கும் கொழும்பில் கடைக்கும் போய்விட்டால் அந்தப் பயம் கூடிவிடுகிறது. பேர் வெட்டிய பாட்டிகளும் தாத்தாமாரும் திரும்ப அன்றாடக் கூலி வேலையான 'கைக்காசு'க்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். குடியுரிமை 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு ஒருவழியாகத் தீர்ந்தது. 7 பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு 2015க்குப் பிறகு வலுத்து, சில தோட்டங்களில் வீடாகவே எழும்பியிருக்கிறது. ஆனாலும் பலர் இன்னும் அதே லயத்தில்தான். 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியக் களுபஹனைத் தோட்டத்து லயத்தின்மேல் மண் சரிந்து ஆட்கள் புதைந்ததிலிருந்து, கார்த்திகை மழை இரவில் கிழவர்கள் தூங்குவதில்லை. மலைப்பக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மழை ஓய்ந்து மார்கழிப் பனி வருவதில் அவர்களுக்கு இருக்கும் நிம்மதி அதனால்தான்.

அந்த மார்கழி விடிகிறது எப்படி? நாலரைக்கு மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. பஜனைக்குப் பையன்கள் விளக்கோடு லயம் லயமாக வர, முன்னால் தாளம் போட்டுப் போகிறவர் பேர் வெட்டிய ஒரு பெரியவராகத்தான் இருப்பார். பாட்டு முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு மருமகள் மலைக்குப் போனதும் வீடு பாட்டியின் பொறுப்பு. பேரன் "அப்பாயி, சப்பாத்து எங்கே?" என்று கத்த, அவர் அடுப்படியில் ரொட்டி தட்டியபடியே பதில் சொல்வார். பத்து மணிக்குப் புல்லறுக்க ஒரு நடை. மாதத்தில் ஒருநாள் பிரஷருக்கும் சீனிக்கும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக் கிளினிக். இன்னொருநாள் முதியோர் பணம் அல்லது 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவித்தொகை விசாரிக்க ஒரு பஸ் பயணம். சந்தியில் மற்றக் கிழவர்களைச் சந்திப்பது அன்றுதான், ஆகவே அந்த வேலை சீக்கிரம் முடிவதில்லை. டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிடும். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலை வழியில் யாத்திரிகர் ஏறுவதைப் பார்த்ததும், தாங்கள் ஏறிய வருடங்களை விரல் மடக்கி எண்ணுவார்கள்.

இலை முழுதும் கொட்டி மொட்டையாக நிற்கும் வாரங்களில் பால் குறையும். சில தோட்டங்கள் புது இலை முற்றும்வரை பால் வெட்டுவதையே நிறுத்தி வைக்கும். கையில் காசு இறுகும் காலம் அது. ரதி மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் காலமும் அதுவே. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றியதும், பேர் வெட்டிய கூத்து வாத்தியார்கள் திரும்பவும் ஒரு செக்ரோலை எடுத்துவிட்டதுபோல் மிடுக்காகிவிடுவார்கள். யார் ரதி, யார் மதன், தப்பு அடிப்பது யார் என்று தீர்மானிப்பது அவர்கள். கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்த பையன் அடி தப்பினால், பத்துப் பேர் பார்க்கத் திரும்ப ஆட வைப்பார்கள்.

பௌர்ணமியில் மதன் எரிந்து முடியும்போது இறப்பர் மரங்களில் தளிர் விட்டிருக்கும், வெளிர் செம்பாக, கண்ணாடிபோல் மெல்லியதாக. மறுபடி வெட்டுத் தொடங்கும் நாளைக்கு முந்தின சாயங்காலம், இஸ்தோப்பில் பெரியவர் மருமகளின் பால் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். அதன் முனை ஆங்கில எழுத்து வீபோல் மடங்கியது. முனை மழுங்கினால் பட்டை கிழியும், பால்நரம்பு அடைபடும், ஆழம் போனால் மரம் காயப்படும், கங்காணி ஏசுவார். சின்னக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்வளைவில் மெதுவாக ஓட்டுகிறார், கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார், மறுபடி ஓட்டுகிறார். மருமகள் வந்து போதும் மாமா என்கிறாள். அவர் தலையசைத்துவிட்டு, வெளிச்சம் மங்கும்வரை இன்னும் நாலு முறை ஓட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்.